நாற்பது தேன்பெட்டியும் ஒரு காற்றுக் குமிழும்

நான் ஓய்வு பெற்ற மெக்கானிக். வயது இருபத்தொன்பது. சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள், பிறகு நேரமில்லை. திருவனந்தபுரம் தம்பானூரில் நம்முடைய ஷெட்டில் பதினொரு வருடம் வண்டிகளுக்கு அடியில் படுத்திருந்தேன். இப்போது நாலு கடை தள்ளி ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் நிற்கிறேன். முதுகு தரையில் படாமல் சோறு கிடைக்கிறது. இதற்குப் பெயர் ஓய்வு இல்லையென்றால் வேறு என்ன?

ஷெட்டின் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினால், இப்போது அங்கே வேலை பார்க்கிற நீங்கள் மூன்று பேரும் வேகத்தைக் கூட்டி வைத்து, என் குரலை எலிக்குரலாக்கிச் சிரிப்பீர்கள். எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் மூன்று பாடங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன் நான். படித்ததும் மலையாளப் பள்ளிக்கூடம். வீட்டில் அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டிய தமிழ்தான் இது. பிழை கண்டுபிடிக்கிறவன் அதை நமக்கு வேலை சொல்லிக் கொடுத்த ஆசானிடம் போய்ச் சொல்லட்டும்.

ஷெட்டில் ஒரு மரப்பெட்டி கிடக்கிறதே, நீங்கள் டீ குடிக்க உட்காருகிற பெட்டி, மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் இன்னும் லேசாக மெழுகு வாசனை வரும், அது எப்படி அங்கே வந்தது என்று யாராவது கேட்டீர்களா? மாட்டீர்கள். உட்கார இடம் கிடைத்தால் போதும் உங்களுக்கு. அந்தப் பெட்டி என்னால் வந்தது.

ஸ்டெல்லா அக்காவின் பிக்கப்பை உங்களுக்குத் தெரியும். பச்சைப் பெயின்ட், அதற்கு மேல் நீலப் பெயின்ட், அதற்கு மேல் துரு. அக்காவுக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். தேன் தொழில். எங்கே பூ, எங்கே துளிர் என்று பார்த்துத் தேனீப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவாள். ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் துளிர் விடுகிற சில வாரங்கள்தான் அவளுடைய வருடம். அந்தத் துளிரின் காம்பில் தேன் ஊறும். அப்போது பெட்டிகள் ரப்பர்த் தோட்டத்துக்குள் இருந்தாக வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

நாலு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை, அந்த வண்டியின் கிளட்ச் என்னிடம் வந்தது. கீழ் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து ஆயில் கசிந்துகொண்டிருந்தது. ரப்பர் மாற்றினேன், புது ஆயில் ஊற்றினேன், ஏர் எடுத்தேன். ஏர் எடுப்பதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை. ஒருவன் பெடலை மிதிக்க, இன்னொருவன் கீழே படுத்து சிலிண்டரின் நிப்பிள் திருகைத் திறந்து மூடி, குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியே விடுவது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் காற்று இருந்தால் உங்கள் கால் கொடுக்கிற பலத்தை அந்தக் காற்றே தின்றுவிடும், கிளட்ச்சுக்குப் போய்ச் சேராது. அவ்வளவுதான்.

வேலை முடிந்து பெடலை மிதித்தேன். பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது. மூன்றாவதில் நன்றாகப் பிடித்தது, கியர் விழுந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உள்ளே எங்கேயோ ஒரு குமிழ் மிச்சம். மறுபடி கீழே படுக்க வேண்டும். ஆனால் மறுநாள் என் கூட்டாளிக்குக் கல்யாணம், அன்று சாயங்காலம் அவன் வீட்டில் சாப்பாடு. நான் குளித்துப் புதுச் சட்டை மாட்டியாயிற்று. வெள்ளைச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு கீழே படுக்க மனசு வரவில்லை.

"அக்கா, கிளட்ச் புதுசுல்லா. பெடல ரெண்டு மூணு தடவ சவிட்டி எடுங்கோ. ஓடி ஓடிச் செரியாவும்."

"ஓடுனா செரியாவுமா?"

"ஆவும் அக்கா. ரப்பர் பதியணும்."

ரப்பர் பதியவும் பதியாது, ஒன்றும் பதியாது. வாயில் வந்தது, சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். "கல்யாண மாப்பிள நீயா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு போன்.

"எடே மெக்கானிக்கு, ரப்பர் நல்லாப் பதிஞ்சிட்டு. பெடலு தரையில பதிஞ்சு கெடக்கு. வா."

விதுரா தாண்டி, கல்லாறு போகிற ஏற்றத்தில் நின்றிருந்தாள். முன்னால் போன விடிகாலைப் பஸ் ஆள் ஏற்ற நின்றதாம். இவளும் நிறுத்தினாள். பஸ் போனது, இவள் வண்டி எடுக்கவில்லை. பெடலை எத்தனை முறை மிதித்தும் கியர் விழவில்லை. கியரில் போட்டே ஸ்டார்ட் செய்தும் பார்த்தாளாம். ஏற்றம், பாரம், கிழட்டு பாட்டரி. வண்டி ஒரு அடி குதித்து நின்றுவிட்டது. பின்னால் நாற்பது பெட்டி. நெய்யாற்றின்கரைத் தோப்பில் இருட்டியதும் வாசலடைத்து ஏற்றியவை. விடிவதற்குள் தோட்டத்தில் இறக்கி வாசலைத் திறந்திருக்க வேண்டும். தோட்டம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் எந்த ஒர்க் ஷாப்பும் திறக்கவில்லை.

கல்யாணத்துக்கென்று எடுத்த அதே வெள்ளைச் சட்டையோடு ஸ்கூட்டரை எடுத்தேன். ஸ்பேனர், ஒரு துண்டு டியூப், பாதி பாட்டில் ஆயில். பாதிதான் இருந்தது. அதையும் சொல்லி வைக்கிறேன்.

எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வண்டி மூக்கை மேலே தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் நின்றது. பின் சக்கரத்துக்கு இரண்டு கல். ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர்தான், ஆனால் இலை உதிர்ந்த ரப்பர். நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. அக்கா கொஞ்சம் கீழே இருந்த சாயாக்கடையிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, பெட்டிகளின் மேல் போட்ட சாக்குகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பெட்டிகள் ஒரே குரலில் இரைந்தன. மிக்சி ஓடுகிற வீட்டுக்கு வெளியே நிற்கிற மாதிரி.

"வாசல திறந்து விட்டா என்னக்கா? காத்துக் கெடைக்குமே?"

"திறந்தா பறக்கும். பறந்துட்டு இந்த வளைவுக்கேதான் திரும்பி வரும். நா பெட்டியக் கொண்டு போனப் பொறவு அதுக வந்து யாருக்க தலையில இருக்கும்? ஒனக்க தலையிலயா?"

"அடைச்சே வச்சா?"

"சூட்டுல வெந்து சாவும். மெழுகு உருகி, தேன் ஒழுகி, அதுலயே முங்கிச் சாவும்." அவள் பெட்டியில் காதை வைத்தாள். "இரையது வரைக்கும் பயமில்ல. சத்தம் கொறஞ்சாத்தான் பயம்."

இவ்வளவு கேட்ட பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே படுத்து, லீக் தேடினேன்.

லீக் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆயில் டப்பாவில் அளவு இறங்கவே இல்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் நேற்று நான் விட்ட குமிழ்தான் இது என்று சொன்னால் குற்றம் என் மேல் வரும். லீக் என்றால் குற்றம் ரப்பர் மேல். அதனால் குழாய் முழுக்கத் துணியால் துடைத்தேன். டார்ச் அடித்தேன். ஜாயின்ட் ஜாயின்ட்டாகத் தடவினேன். இல்லாத திருடனை நானே டார்ச் அடித்துத் தேடினேன். இருபது நிமிடம் போயிற்று.

"எதும் கெடச்சுதா?" மேலே இருந்து அவள் குரல்.

"டூப்ளிகேட் ரப்பரு அக்கா. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"கசிஞ்சா சொட்டு விழாதா? ஒண்ணும் விழல்லியே."

"சில நேரம் உள்ளுக்குள்ளயே கசியும்."

"எனக்க மாமியாருக்க சங்கடம் மாதிரி."

சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. சரி, ஏர் எடுத்துப் பார்ப்போம் என்றேன். அவள் சீட்டில் ஏறினாள். நான் கீழே. இடையில் வண்டியின் தகரத் தரை. "சவிட்டு" என்றால் மிதிப்பாள். "பிடி" என்றால் காலை எடுக்காமல் வைத்திருப்பாள், நான் நிப்பிளைத் திறந்து மூடுவேன். "விடு" என்றால் விடுவாள்.

"சவிட்டு."

"சவிட்டியாச்சு."

"பிடி... விடு."

ஆயில் வந்தது. சுத்தமான ஆயில், குமிழே இல்லை. பத்துத் தடவை. பதினைந்து தடவை. பெடல் அப்படியே தரையில் கிடந்தது. பாட்டிலில் இரண்டு விரல் அளவு ஆயில் மிச்சம். அது தீர்ந்தால் விதுராவில் கடை திறக்கிறவரை ஒன்றும் செய்ய முடியாது. வெயில் மலை விளிம்பைத் தாண்டி பெட்டிகளின் மேல் விழுந்துவிட்டது. அப்போது அவள் சொன்னாள், யாரையும் திட்டுகிற குரலில்லாமல்:

"வலத்த ஓரத்துப் பெட்டி ஒண்ணு அமந்துட்டு."

தம்பிமாரே, அந்த இடத்தில் நான் பெரிய மனுஷனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பயந்துவிட்டேன். கல்லுக்கு மேல் முதுகு, மூக்குக்கு நேரே ஆயில் சட்டி, அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. அந்தத் தகரம் இடையில் இருந்ததால்தான் சொல்ல முடிந்தது.

"அக்கா, ஒரு காரியம் சொல்லணும்."

"சொல்லு."

"லீக் ஒண்ணும் இல்ல. நேத்தைக்கே உள்ள காத்து இருந்துது. எனக்குத் தெரியும். புதுச் சட்டை போட்டிருந்தேன், அதான் படுக்கல்ல."

மேலே சீட்டின் ஸ்பிரிங் முனகியது.

"ரப்பர் பதியும்னியே?"

"பதியாது."

"அப்போ கடைக்காரன்?"

"அவன் பாவம் அக்கா."

கதவு திறந்தது. இறங்கினாள். என் காலைப் பிடித்து வெளியே இழுத்து அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அடிக்கிறவளுக்குக்கூட நேரம் வேண்டுமே. அவள் போய் மறுபடி குடத்தை எடுத்தாள்.

"அப்போ நேத்து எங்க இருந்துதோ அங்கயேதான் இன்னைக்கும் இருக்கு. போய் எடு."

எத்தனை எளிது பாருங்கள். அதுவரை நான் இல்லாத லீக்கைத் தேடினேன். சொன்ன பிறகுதான் இருக்கிற குமிழைத் தேட ஆரம்பித்தேன். பொய்யைக் காப்பாற்றிக்கொண்டே வண்டியைக் காப்பாற்ற முடியாது. ஒருவனுக்கு இரண்டு கைதான்.

சரி, எங்கே இருக்கும்? எழுந்து உட்கார்ந்தேன். அக்கா ஒவ்வொரு பெட்டியிலும் முன்பக்க ஓரத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனாள். பின்பக்கத்தில் ஊற்றவில்லை.

"ஏன் முன்னால மட்டும்?"

"தண்ணி வேற இருக்கா? வண்டி சரிஞ்சு நிக்குதுல்லா. சூடு மேட்டுப் பக்கம் போவும், தேனீச்சயும் மேட்டுப் பக்கம் போய் அடையும். எல்லாம் முன்னாலதான் முட்டிட்டு நிக்கி."

நான் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். கீழ் சிலிண்டர் படுத்த மாதிரி இருக்கிறது. அந்த மாடலில் நிப்பிள் அதன் பின்பக்க முனையில். வண்டி மூக்கை மேலே தூக்கி நின்றால் சிலிண்டரின் முன்பக்கம் மேடு. குமிழும் முன்னால் போய் ஒட்டிக்கொண்டு, பின்பக்கத்து நிப்பிள் வழியாக நான் ஆயிலை விரயமாக்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் ஷெட்டின் தரை மழைத்தண்ணீர் வெளியே ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிவாகப் போட்டது. வண்டியை முன்பக்கமாக உள்ளே ஏற்றினால் அங்கேயும் மூக்கு மேலே. சனிக்கிழமையும் அதே கதை.

இதற்கு ஒரே வழி, குமிழ் நிப்பிள் பக்கம் ஏறி வரும்படி வண்டியைத் திருப்பி மூக்கு கீழே பார்க்க நிறுத்துவதுதான். கிளட்ச் இல்லாமல், நாற்பது பெட்டியோடு.

சிலிண்டரைக் கழற்றிக் கையில் நிமிர்த்திப் பிடிக்கலாமே என்று உங்களில் புத்திசாலி ஒருவன் கேட்பான். கேள். ஒரு போல்ட் துருவில் வழுக்கியது. ஒடிந்தால் அன்றைய கதை முடிந்தது. தொடவில்லை.

முப்பது அடி கீழே சாயாக்கடைக்கு முன்னால் ஒரு சமதளம். பிரேக் பிடித்துப் பிடித்துப் பின்னால் உருட்டி, வாலை அதற்குள் விட்டு, பிறகு முன்னால் தள்ளி, மூக்கை இறக்கம் பக்கம் திருப்பலாம். அக்காவிடம் சொன்னேன். ஒரு குலுக்கல் போதும், அடைகள் ஒடிந்து விழும் என்றாள். பிறகு ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தாள். பிரேக் நன்றாகப் பிடிக்க என்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டாள். நான் கல்லைத் தூக்கிக்கொண்டு பின் சக்கரத்தோடு நடந்தேன். அவள் எப்படி இறக்கினாள் என்கிறீர்கள்? தொட்டிலை ஆட்டாமல் தூக்கிப் போகிற மாதிரி. என் மேல் இருந்த கோபம் பிரேக்குக்குப் போகவில்லை.

வால் சமதளத்துக்குள் போனது. இனித் தள்ள ஆள் வேண்டும். சாயாக்கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். பெட்டிகளின் சத்தத்தைக் கேட்டதும் எட்டுப் பேரும் கடைக்குள் போய்விட்டார்கள். கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கி, அடி வழியாகக் கேட்டார்: "மோனே, இது குத்துமோ?"

"சேட்டா, வடை குடுத்தா குத்தாது!"

அந்த நேரத்தில் பொன்முடி மலை பார்க்கப் போகிற காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் இரண்டு பைக்கில் வந்து நிறுத்தினார்கள். நான் அவர்களின் தலையைத்தான் பார்த்தேன். நாலு தலையிலும் முகம் மூடுகிற ஹெல்மெட்.

"அளியா, கண்ணாடிய இறக்கு, வா தள்ளு!"

"ஈச்சயா சேட்டா? ஐயோ!"

"நாலு ஹெல்மெட் இருக்கு. எனக்கு இருக்கா? எனக்கே பயமில்ல!" எனக்கு இருந்தது.

நாலு பேரும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, தேர் இழுக்க வந்தவர்கள் மாதிரி கத்திக்கொண்டு தள்ளினார்கள். வண்டி மெதுவாக முன்னால் வந்து, திரும்பி, இறக்கத்தைப் பார்த்து நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்தேன். கீழே படுத்தேன். டியூபை மாட்டினேன். மிச்சமிருந்த ஆயிலை அக்கா ஒரு சொட்டு சிந்தாமல் டப்பாவில் ஊற்றினாள்.

"சவிட்டு."

"சவிட்டியாச்சு."

"பிடி."

நிப்பிளைத் திறந்தேன். டியூபுக்குள் ஒரு குமிழ் வந்தது. பெரிதொன்றுமில்லை, ஒரு நாவல்பழக் கொட்டை அளவு. அதன் பின்னால் சின்னதாக இரண்டு. பிறகு வெறும் ஆயில். மூடினேன்.

"விடு. இப்போ ஒரே ஒரு தடவ சவிட்டுங்கோ அக்கா. ஒரு தடவதான்."

மிதித்தாள். பிறகு கியர் விழுகிற சத்தம் கேட்டது. உரசல் இல்லாமல், பூட்டுக்குள் சாவி திரும்புகிற மாதிரி ஒரு சத்தம். பதினொரு வருடத்தில் அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

தோட்டத்தில் பெட்டிகளை இறக்க நானும் போனேன். கல்யாணத்துக்குப் போகவில்லை, அந்தச் சட்டையோடு போனால் பந்தியில் உட்கார விடமாட்டார்கள். முப்பத்தெட்டுப் பெட்டிகளில் வாசலைத் திறந்ததும் தேனீக்கள் வெளியே வந்து, தலையைப் பெட்டிப் பக்கமே திருப்பி, வீட்டு அடையாளம் பார்க்கிற மாதிரி அங்கேயே பறந்தன. இரண்டு பெட்டிகளில் ஒன்றும் வரவில்லை. அக்கா மூடியைத் தூக்கிப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். அதை எழுத வேண்டாம்.

ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வாரம் அந்த இரண்டில் ஒரு பெட்டியைக் கழுவி, ஷெட்டில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இதுல இருந்து சாயா குடி. மத்தத நா வச்சிருக்கேன்."

அதற்குப் பிறகும் வண்டியை என்னிடம்தான் விட்டாள். ஏனென்று ஒரு முறை கேட்டேன். "வேற ஒருத்தன் பொய் சொன்னா எனக்குத் தெரியாது, நீ சொன்னாத் தெரியும்" என்றாள். ஒவ்வொரு தடவையும் வண்டியை எடுக்கும்போது என் கண் முன்னால் பெடலை ஒரே ஒரு முறை மிதிப்பாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

சரி, இதையெல்லாம் இன்றைக்கு ஏன் எழுதுகிறேன்?

மத்தியானம் ஸ்டெல்லா அக்கா என் கவுண்டருக்கு வந்தாள். ஒன்றும் வாங்கவில்லை. மின்விசிறிக்கு நேரே நின்று முகம் துடைத்தாள். ஷெட்டில் கிளட்ச் வேலை நடந்ததாம். வண்டி ரெடியாம். ராத்திரி பெட்டி ஏற்ற வேண்டுமாம்.

"எப்படி இருக்குக்கா கிளட்ச்?"

"ஒனக்க ஷெட்டுப் பய ஒருத்தன் நல்லாப் பேசுதான். ரெண்டு தடவ சவிட்டி எடுங்க சேச்சி, ஓடி ஓடிச் செரியாவும்னு சொன்னான்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

உங்கள் மூவரில் யார் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதைப் படிக்கும்போது யாருக்குக் காது சிவக்கிறதோ அவன். மற்ற இரண்டு பேரும் அவனைக் கேலி செய்ய வேண்டாம், அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்காவிடம் ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வண்டி இப்போதும் முன்பக்கமாக உள்ளே ஏற்றித்தான் நிற்கிறது, இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. வெளியே எடுத்துத் திருப்பி, வாலை முதலில் உள்ளே விடுங்கள். சட்டையைக் கழற்றி அந்தப் பெட்டியின் மேல் போட்டுவிட்டுப் படுங்கள். மிதிக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், கவுண்டரைப் பூட்டிவிட்டு வருகிறேன்.